விலகி நிற்றல் வேறு, விலக்கி வைத்தல் வேறு



மார்கழிப் பனி இறங்கிவிட்டால் தருமபுரி மாவட்டத்தில் இருமல் ஒலி கேளாத தெரு இல்லை. பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் பொழுது புலருமுன் பெங்களூருக்குப் பயணப்படும் கட்டடத் தொழிலாளி இருமிக்கொண்டேதான் பேருந்து ஏறுகிறான். குளிருக்கு அஞ்சிச் சன்னல்கள் அடைக்கப்படுகின்றன. ஒருவன் விட்ட மூச்சை ஐம்பது பேர் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

“நோயுற்றவன் வீட்டில் இருக்கக்கூடாதா?” என்று கேட்பார் உளர். மருத்துவரும் அதைத்தான் கூறுகின்றனர். சளிக்காய்ச்சல் கண்டவர் காய்ச்சல் தணியும்வரையேனும் கூட்டத்தினின்று விலகியிருத்தல் வேண்டும். சரி, அவர் விலகியிருக்கும் நாளில் அந்த வீட்டு உலையில் எதை இடுவது? அதற்கு விடை கூறுவார் யார்?

1948இல் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. அத்திட்டத்தில் சேர்ந்த ஆலைத் தொழிலாளி நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள்வரை, ஊதியத்தில் 70 விழுக்காடு பெற வழி உண்டு. ஓய்வுக்கு ஊதியம் என்ற கொள்கை இந்த நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் சித்தாளுக்கு? செங்கற்சூளையில் வேகும் குடும்பத்துக்கு? களையெடுக்கும் தாய்க்கு? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று! அவர்கள் இருமலோடு வேலைக்குச் செல்வதை அறியாமை என்று ஏசுவது அநீதி. நோய்க்கால ஊதியத்தை அவர்களுக்கும் கேட்போம். அது ஊர் முழுவதையும் காக்கும் தடுப்பு மருந்து.

காசநோயாளிக்குச் சத்துணவுக்கென 2018இல் மாதம் 500 ரூபாய் தரத் தொடங்கிய ஒன்றிய அரசு, 2024இல் அதை 1000 ஆக்கியது. வரவேற்போம். ஆயினும் இழந்த கூலிக்கு அது ஈடாகுமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. இருமுபவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, திண்ணையில் பாய், உறவினர் முகத்தில் வெறுப்பு! காசநோய் தட்டினாலும் குவளையினாலும் பரவுவதில்லை. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால் பரவுகிறது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை எதிர்க்கும் நாம், வீட்டுக்குள் ஓர் இரட்டைக் குவளையை வைக்கலாமா?

1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் தோன்றியது. அங்கே ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் காசநோய் மருத்துவமனைகளில் தங்கினர்; மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே மருந்துண்டனர். 1959இல் முடிவு வெளிவந்தது. நல்ல உணவும் ஓய்வும் பெற்றோரைப்போலவே, குடிசையில் மருந்துண்டோரும் ஏறத்தாழ அதே அளவு நலம் பெற்றனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் கவனித்தும், நோய் கூடுதலாகத் தொற்றக் காணோம். நோய் கண்டறியப்படாமல் இருமித் திரிந்த நாட்களே பேராபத்தானவை. முறையாக மருந்து தொடங்கியபின் தொற்றும் வலிமை விரைந்து குன்றுகிறது. இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர்கள் சென்னைச் சேரிகளின் ஏழை மக்கள்!

இனி நம் கடமை யாது?

காய்ச்சலும் இருமலும் கண்ட தோழர் செயற்குழுவுக்கு வரவேண்டா. வராமை குற்றமாகாது, வந்து பரப்புவதே குற்றம். வெளியே சென்றே தீரவேண்டுமெனில் முகக்கவசம் அணிக. இருமும்போது துணியாலோ முழங்கை மடிப்பாலோ வாயை மூடுக. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. படிப்பகத்தின் சன்னல்களைத் திறந்து வைப்பீர். கைக்குழந்தைகளையும் முதியோரையும் நெருங்காதீர்.

இரு வாரம் கடந்தும் இருமல் நீங்காத ஒருவர் உங்கள் கிளைப் பகுதியில் இருந்தால், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். சளிப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. ஆறு திங்கள் மருந்து இடையில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வேலைக்குச் செல்ல இயலாத நாளில் ஒருபடி அரிசியோடு அவர் வாயிலில் நில்லுங்கள்.

நோயுற்றவர் பிறர் நலன் கருதி விலகி நிற்பது பண்பு. ஊரார் அவரை விலக்கி வைப்பது இழிவு. பண்பை வளர்ப்போம், இழிவை ஒழிப்போம், ஓய்வுக்குரிய ஊதியத்தை உரிமையாகப் பெறும்வரை ஓயாது குரல் கொடுப்போம்!