சரவணன் என்ற பெயருக்குரியவர்

ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் வருகிறது. ஆறு நாள் உபவாசமிருந்து, சூரசம்ஹாரம் கண்டு, அடியார்கள் தேவசேனாபதியாகிய முருகப் பெருமானை வழிபடுகின்றனர். ஏறத்தாழ அதே பருவத்தில், நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று, லண்டன் வைட்ஹால் வீதியிலுள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன், மாண்ட வீரர்களுக்காக இரண்டு நிமிட மௌனம் அனுஷ்டிக்கப்படுகிறது. சட்டையில் செந்நிறப் பாப்பி மலர் குத்திக்கொண்டு பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள், "நம்மவர்களில் இப்படி யாராவது இருந்தார்களா?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லத்தக்க வரலாறுகளுள் ஒன்று மேஜர் மாரியப்பன் சரவணனுடையது.

சரவணன் 1972 ஆகஸ்டு 10ஆம் நாள் இராமேஸ்வரத்தில் பிறந்தவர். தந்தையாரும் இராணுவ அதிகாரியே. திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் படித்து, சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் தேர்ந்து, பீகார் ரெஜிமெண்டின் முதலாம் பட்டாலியனில் சேர்ந்தார். அப்படையினரின் போர் முழக்கங்கள் இரண்டு. ஒன்று அனுமனைப் போற்றும் "ஜெய் பஜ்ரங் பலி". மற்றது, வெள்ளையராட்சியை எதிர்த்த பழங்குடித் தலைவரைப் போற்றும் "பிர்சா முண்டா கீ ஜெய்". மொழியும் ஊரும் வேறான அவ்வீரர்கள், இந்தத் தமிழரைத் தம் தலைவராக ஏற்றனர்.

1999 மே மாதத்தில் கார்கில் போர் மூண்டது. பட்டாலிக் பகுதியில், ஜூபார் மலைமுகட்டின் மீது பாகிஸ்தான் படையினர் அரண் அமைத்திருந்தனர். உயரம் 14,000 அடிக்கு மேல். மறைவதற்கு மரமில்லை, மூச்சுக்குப் போதிய காற்றில்லை, மேலிருந்து குண்டு பொழிவோருக்கோ கீழே ஏறி வருவோர் அனைவரும் நேரான இலக்கு. மே 29 விடியற்காலையில் சரவணன் தம் வீரர்களுக்கு முன்னால் ஏறினார். ராக்கெட் லாஞ்சரை ஏந்திப் பகைவர் அரணைத் தாமே தாக்கினார். குண்டுச் சிதறல் பட்டுக் காயமுற்ற பின்னும் அவர் திரும்பவில்லை. மீண்டும் முன்னேறுகையில் தலையில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். அதே போரில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் உயிர் நீத்தார். சரவணனுக்கு அப்பொழுது 27 வயது நிறையவில்லை.

அன்று அச்சிகரம் கைவசமாகவில்லை, ஜூலையில்தான் மீட்கப்பட்டது. வீழ்ந்தவர்களின் உடல்களை உடனே எடுத்துவரவும் இயலவில்லை. ஈமக் கடன்களை எத்துணைப் புனிதமாகக் கருதுவது இந்து சமயம் என்பதை அறிந்தோர், திருச்சியில் ஒரு தாய் ஒரு மாதத்துக்கு மேலாக மகனின் உடலுக்காகக் காத்திருந்ததன் கொடுமையை உணர்வர். உடல் வந்து சேர்ந்தபின் இராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தேறியது. சரவணன், யாதவ் இருவருக்கும் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. திருச்சி கன்டோன்மென்ட் பகுதியிலுள்ள மேஜர் சரவணன் நினைவிடத்தில் ஆண்டுதோறும் மலரஞ்சலி செலுத்தப்படுகிறது.

தலைவன் தன் நடத்தையாலேயே பிறருக்கு வழிகாட்டவேண்டும் என்பது கீதையின் உபதேசம். 'போ' என்று ஏவுவது எளிது. 'வா' என்று முன்செல்வது அரிது. போர்க்களத்தில் மட்டுமன்று, குடும்பத்திலும் கோயில் பணியிலும் இது பொருந்தும். உழவாரப் பணிக்கு ஆள் தேடுவோர் முதலில் தாமே துடைப்பத்தை எடுப்பின், இளைஞர் தாமாக வருவர்.

மற்றொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. முருகன் சூரனை வென்றபின் வெறுத்து ஒதுக்கவில்லை. மயிலாகவும் சேவற்கொடியாகவும் தன்னிடமே வைத்துக்கொண்டான். கார்கில் மலைகளில் எதிர்ப்புறம் நின்று மாண்டவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். இவ்வாண்டு சஷ்டி பூஜையில் ஏற்றப்படும் விளக்குகளுள் ஒன்று, களத்திலிருந்து வீடு திரும்பாத பிள்ளைகளுக்காகவும், அவர்களுக்காகக் காத்திருந்த அன்னையருக்காகவும் எரியட்டும்.