முற்றவெளியும் எங்கட பொடியளும்

2024 பெப்ரவரி 9, ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்பை உடைத்து முன்னுக்குப் போனது, நிகழ்ச்சி இடையில் நின்றது எல்லாருக்கும் தெரியும். 'யாழ்ப்பாணப் பொடியளுக்குப் பண்பாடு இல்லை' என்று எழுதித் தள்ளுகிறார்கள். படிப்பிக்கிற எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

2023 ஒக்ரோபரில் அதே முற்றவெளியில் சந்தோஷ் நாராயணன், அனுமதி இலவசம். உடுவிலில் இருந்து நண்பர்களாகப் போனோம். எங்களுக்கு அதுதான் முதல் தரம். ட்ரம்ஸ் அடி நெஞ்சுக்குள் இடித்தது. (அடுத்த நாள் தொண்டை கட்டி, வகுப்பில் சைகைதான்!) பக்கத்தில் நின்ற பொடியள் வயதானவர்களுக்கு வழிவிட்டார்கள்.

உடைத்தது சரியென்று சொல்லவில்லை. ஆனால் ரிக்கற் எடுத்தவருக்கு முன்னால் கதிரை, மற்றச் சனத்துக்குப் பின்னால் தூரத்து நிலம், நடுவில் ஒரு தடுப்பு. இவ்வளவு சனம் வருமென்று கணக்குப் பார்க்க வேண்டியது பொடியளா? அடுத்த முறை ரிக்கற் விலையைக் கேட்க முதல், வெளியேற எத்தனை வழி என்று கேளுங்கோ.