உப்பளமும் சர்வகலாசாலையும்

சர்வகலாசாலைகள் சமீப காலமாக கிராமத் தொண்டு, சமூகத் தொண்டு, சுற்றுப்புறப் பாதுகாப்பு என்கின்ற பேர்களால் பல காரியங்கள் செய்து வருவதாகச் சொல்லிக்கொள்ளுகின்றன. இது நல்ல காரியம்தான் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தத் தொண்டு யாருக்குப் போய்ச் சேருகின்றது, எந்த மட்டில் போய்ச் சேருகின்றது என்பதை அவர்களுடைய வருஷாந்திர அறிக்கையில் படிப்பதைவிட, ஒரு உப்பளத்தின் வரப்பின்மேல் நின்று பார்ப்பதே சரியான வழி என்று கருதி இதை எழுதுகின்றோம்.

விழுப்புரம் ஜில்லா மரக்காணம், தமிழ்நாட்டில் உப்பு விளையும் பெரிய இடங்களில் ஒன்று என்பது வாசகர்கள் அறிந்ததே. ஆந்திர தேசத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் இந்தப் பக்கத்தில்தான் வந்து முடிகின்றது. ஊரை அடுத்துக் கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பு இருக்கின்றது. தெற்கே கடற்கரை ரோட்டோடு பஸ்ஸில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடக்கூடிய காலாப்பட்டில், 1985ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு சட்டத்தினால் ஏற்பட்ட புதுச்சேரி சர்வகலாசாலை இருக்கின்றது. அதில் சூழலியலுக்கென்றே ஒரு தனி இலாகா உண்டு. புதுச்சேரி நகரில் 1955 முதல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் நடந்து வருகின்றது. ஆகவே இந்தக் கடற்கரையில் படித்தவர்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இனி உப்பு விளையும் விதத்தைக் கொஞ்சம் கவனிப்போம். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி மாற்றி விட்டு வெயிலில் காய வைக்கின்றார்கள். தண்ணீர் வற்ற வற்ற அதன் கனம் ஏறுகின்றது. அந்தக் கனத்தை அளக்க பாமே என்பவர் பேரால் ஒரு கருவி உண்டு. அதில் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படிய ஆரம்பிக்கின்றது. அதற்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்துவிடும்; அளவுக்கு மேல் காயவிட்டாலோ மக்னீசியக் கசப்பு உப்போடு கலந்துவிடும். இதையெல்லாம் கருவி இல்லாமல், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தும் காலால் மிதித்தும் தெரிந்துகொள்ளுகின்றவன்தான் உப்பளத் தொழிலாளி. அவனைத்தான் "படிக்காதவன்" என்கின்றோம். அவன் வாரிக் குவிக்கும் உப்பைப் பெண்கள் தலையில் சுமந்து கரையேற்றுகின்றார்கள். காலுக்குக் கீழே உவர்நீர், கண்ணுக்கு எதிரே வெள்ளை உப்பின் கூச்சம், தலைக்கு மேலே வெயில், ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி.

உப்பு விளைய எந்த வெயில் வேண்டுமோ அதே வெயில்தான் ஆளையும் வற்ற வைக்கின்றது. ஆகவே உப்பளத்திற்கு நல்ல நாள் என்பது தொழிலாளிக்குக் கெட்ட நாள். ராகுகாலம், எமகண்டம் என்று பஞ்சாங்கம் புரட்டுகின்றவர்கள் ஒருநாள் பகல் 12 மணிக்கு இந்தப் பாத்தியில் இறங்கி நிற்பார்களேயானால், எது கெட்ட நேரம் என்பது அவர்களுக்கும் விளங்கிவிடும்.

இந்த வெயில் மனிதனை என்ன செய்கின்றது என்பதைக் கண்டுபிடித்ததும் ஒரு சர்வகலாசாலைதான். அதை நாம் மறைக்கப் போவதில்லை. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களுக்குப் போய், 300 பேருக்கு மேற்பட்ட தொழிலாளிகளைப் பரிசோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் உடம்பு தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட சூட்டில் வேலை செய்கின்றார்கள் என்றும், நூற்றுக்கு ஏழு பேர் விகிதம் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கின்றது என்றும் அதிலிருந்து தெரிய வருகின்றது. வியர்வையாய்ப் போகின்ற தண்ணீருக்கு ஈடாகக் குடிக்காவிட்டால், அந்த நஷ்டத்தை நாளாவட்டத்தில் சிறுநீரகம்தான் தாங்க வேண்டும். பெண்கள் நிலைமை இன்னும் மோசம். மறைவிடம் இல்லாத காரணத்தால், தாகமெடுத்தாலும் அவர்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கின்றார்கள். ஒரு கக்கூஸ் இல்லாத குற்றத்திற்கு ஒரு பெண்ணின் சிறுநீரகம் தண்டனை அனுபவிப்பது எந்த நியாயம் என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்த முடிவுகள் இங்கிலீஷில் சஞ்சிகைகளில் வெளிவந்தன. இங்கிலீஷில் வெளியிடுவது தப்பில்லை. உலகத்திற்குத் தெரிய வேண்டியதுதான். ஆனால் மரக்காணத்தில் உப்பு வாருகின்றவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சங்கதி தெரியும்? அந்தக் காலத்தில், வேதத்தைக் கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்றார்கள். இன்று அவ்வளவு சிரமம் தேவையில்லை. யாருடைய ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்துப் பரிசோதித்தார்களோ அவனுக்குத் தெரியாத பாஷையில் எழுதி, அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டால் போதும். ஊரில் ஒருவன் காலும் முகமும் வீங்கிப் படுத்தால் "தலைவிதி" என்பார்கள். அல்லது மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அறிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும் இடத்தில் பூசாரி வாயைத் திறப்பதில் என்ன ஆச்சரியம்?

இது தலைவிதி அல்ல என்பதற்கு வெளிதேசத்து உதாரணமே இருக்கின்றது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா முதலிய தேசங்களில் கரும்பு வெட்டும் தொழிலாளிகள், வயதுவந்த வாலிபர்கள், சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். எல் சால்வடாரில் 2014–15 அறுவடையின்போது ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். முதுகில் தூக்கிக்கொள்ளத் தண்ணீர்ப் பை, எடுத்துக்கொண்டு நகரக்கூடிய ஒரு நிழல் பந்தல், குறித்த நேரத்திற்கு ஒருதரம் ஓய்வு, வேலைக்கு ஏற்ற கத்தி, இவ்வளவுதான் கொடுத்தார்கள். பலன் என்னவென்றால், ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 டன் சொச்சமாயிருந்த வெட்டு 7 டன்னுக்கு மேல் ஏறிற்று. ஓய்வு கொடுத்தால் வேலை கெட்டுப்போகும் என்கின்ற முதலாளிகள் இந்தக் கணக்கை இரண்டுதரம் படிப்பார்களாக.

இனி நம் சர்வகலாசாலைகளின் தொண்டைப் பார்ப்போம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24இல் 37 சர்வகலாசாலைகளில் 40,000 மாணவர்களைக் கொண்டு ஆரம்பிக்கப்பட்டது. அதில் சேரும் மாணவன் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. பிறகு 2014இல் கல்லூரிகள் கிராமங்களைத் தத்து எடுக்கும் திட்டமும் வந்தது. திட்டத்தில் குறையில்லை. ஆனால் அநேக இடங்களில் நடப்பது என்ன? கோவில் வாசலைக் கூட்டுவதும், ரோட்டோரத்தில் செடி நடுவதும், படம் பிடித்துக்கொள்ளுவதும், எட்டாம் நாள் பஸ் ஏறுவதும்தானே! கிராமத்தான் சுத்தமில்லாதவன், அவனுக்குச் சுத்தத்தைப் போதிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போகின்றார்களே ஒழிய, அவனுக்கு என்ன குறை என்று கேட்டுப் போகின்றவர்கள் சிலரே. அதிலும் உவர்மண்ணில் வேப்பங்கன்றை நட்டுவிட்டு வந்தால் அது அடுத்த பங்குனி வரையில் தாங்குமா என்பதை உப்பளத்துக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையின் பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரின ஆராய்ச்சி நிலையத்தார், வெள்ளாற்று முகத்துவாரத்தில் அந்த உவர்நிலத்திற்கு ஏற்ற அலையாத்தியை நட்டு வளர்த்துக் காட்டியிருக்கின்றார்கள். மண்ணை அறிந்து செய்வது என்றால் அதுதான்.

கழுவெளியை 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் பறவைகள் சரணாலயமாக்கிற்று. 2024 ஆகஸ்டில் அது உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலங்களின் ஜாபிதாவிலும் சேர்ந்தது. வெகு சந்தோஷம். பூநாரைக்கும் உள்ளானுக்கும் ஒரு பாதுகாப்பு வந்ததைப் பற்றி நாம் பொறாமைப்படவில்லை. இறால் பண்ணைக்காரர்களிடமிருந்து அந்தத் தண்ணீரைக் காப்பாற்றினால் மீன் பிடிக்கின்றவர்களுக்கும் அது நன்மைதான். நாம் கேட்பதெல்லாம், பறவைகளைத் தலை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அதே தண்ணீரின் ஓரத்தில் குனிந்து நிற்கும் மனிதர்களின் தலையும் தெரிய வேண்டாமா என்பதுதான். சுற்றுப்புறம் என்றால் மனிதன் நீங்கலான மற்றதெல்லாம் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது? உப்பளத்துக் கூலிகளில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்களாகவும், தாழ்த்தி வைக்கப்பட்ட வகுப்பாராகவும் இருப்பதால்தான் அவர்கள் கணக்கில் வரவில்லையோ என்று சந்தேகிக்க இடமிருக்கின்றது.

"கக்கூஸ் கட்டுவது சர்வகலாசாலையின் வேலையா?" என்று சிலர் கேட்கலாம். அல்லதான். அது உப்பள முதலாளியின் வேலை, சர்க்காரின் வேலை. ஆனால் அவர்களைக் கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எடுக்கத் தெரிந்தவர்கள் சர்வகலாசாலையார். உப்புவரி 1947இல் ஒழிந்தது. என்றாலும் தொழிலாளி வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கின்றான். அந்தப் பணத்தில் நடக்கும் ஸ்தாபனத்தைக் கேள்வி கேட்க அவனுக்குப் பாத்தியம் உண்டு. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளக் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022இல் 5,000 ரூபாய் உதவி ஏற்படுத்தியது வரவேற்கத்தக்கதே. ஆனால் மழையில் பட்டினி கிடப்பதற்குக் கொடுக்கப்படும் அந்தத் தொகை, வெயிலில் கெட்டுப்போகின்ற உடம்புக்கு ஈடாகாது.

தை, மாசியில் பாத்தி திருத்தும் வேலை துவங்கும். காலாப்பட்டிலிருந்தோ, விழுப்புரத்துக் கல்லூரிகளிலிருந்தோ மாணவர்கள் தங்கள் 240 மணியை அங்கே கொண்டுவரட்டும். வரப்பில் ஒரு வெப்பமானி வைத்து நாள்தோறும் குறிக்கட்டும். வேலை துவங்கும்போது ஒருதரமும் முடியும்போது ஒருதரமும் டாக்டர்களைக் கொண்டு சிறுநீரும் ரத்தமும் பரிசோதிக்கச் செய்து, முடிவைத் தமிழில் எழுதி அவரவர் கையில் கொடுக்கட்டும். குடிதண்ணீர் எத்தனை தூரத்தில், நிழல் எத்தனை தூரத்தில், கக்கூஸ் எத்தனை தூரத்தில் என்று அளந்து ஒரு படம் போடட்டும். அந்தப் படத்தின் ஒரு பிரதி கலெக்டருக்கும், ஒரு பிரதி மத்திய சர்க்காரின் உப்புக் கமிஷனர் இலாகாவுக்கும் போகட்டும். சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு விடுகின்ற பத்திரத்தில், தண்ணீரும் நிழலும் கக்கூசும் இல்லாத அளத்திற்குக் குத்தகை புதுப்பிக்கப்பட மாட்டாது என்று ஒரு ஷரத்து சேர்ப்பதற்கு எத்தனை வரி மை செலவாகும் என்பதை அந்த இலாகா அதிகாரிகளே சொல்லட்டும்.