கொழுப்பு என்ன பாவம் செய்தது?

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி!" என்று திட்டு வாங்காதவர்கள் நம் பள்ளியில் உண்டா? நானும் நிறைய வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் இன்று கொழுப்புக்காகத்தான் பேசப் போகிறேன் நண்பர்களே.

என் தாத்தாவுக்கு நாலு வருஷமாகப் பார்க்கின்சன் நோய். மடியில் சும்மா வைத்திருந்தாலும் வலது கை நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நோயில் கொழுப்புக்கும் பங்கு உண்டு என்று படித்துவிட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி வீட்டில் சொன்னேன். மறுநாளே தாத்தா தோசைக்கு நெய் கட்! "நீதானேடா சொன்னே?" என்றார் அத்தை. தாத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அப்பப்பா!

நான் சொன்னது தட்டில் இருக்கும் கொழுப்பை அல்ல, செல் சவ்வில் இருக்கும் லிப்பிடுகளை. சவ்வு என்றால் காம்பவுண்டு சுவர் மாதிரி என்றுதான் நாம் மனப்பாடம் செய்கிறோம். அது தப்பு என்பது என் கருத்து. சுவர் சும்மா நிற்கும். சவ்வு சும்மா இருப்பதில்லை.

மூளையின் நரம்பு செல்களில் ஆல்ஃபா சினுக்ளின் என்றொரு புரதம் இருக்கிறது. 140 அமினோ அமிலங்கள் கொண்டது. தனியாக மிதக்கும்போது அதற்கு நிலையான உருவமே கிடையாது, அவிழ்ந்த நூல் மாதிரி. எதிர்மின்சுமை உள்ள லிப்பிடுகள் மேல் ஒட்டினால் ஸ்பிரிங் போலச் சுருண்டுகொள்ளும். அதாவது புரதத்துக்கு உருவம் கொடுப்பதே கொழுப்புதான்! ஆனால் லிப்பிடின் வகையோ அளவோ மாறினால், அதே சவ்வின் மேல் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராகத் திரளவும் கூடும்.

நோயாளிகளின் மூளையில் சில உருண்டைகளை லூவி என்ற மருத்துவர் 1912-லேயே பார்த்து எழுதினார். அவற்றில் இந்தப் புரதம் இருப்பது 1997-இல் தெரிந்தது. 2019-இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், பல உருண்டைகளுக்குள் சவ்வுத் துண்டுகளும் லிப்பிடுகளும் நெருக்கியடித்துக் கிடந்தன. இன்னொன்று, ஜிபிஏ1 என்ற மரபணு. ஒரு வகை லிப்பிடை உடைக்கும் நொதியை உண்டாக்குவது அது. அதில் கோளாறு இருந்தால் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கூடுகிறது. (எல்லோருக்கும் வந்துவிடாது, பயப்படாதீர்கள்.)

இதில் நெய் எங்கே வந்தது? பாவம் தாத்தா, ஏற்கெனவே இளைத்துப் போயிருக்கிறார். டாக்டரும் "எடை குறையக் கூடாது, நல்லா சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பூன் மட்டும் ஊற்றினார்.

– 12 'ஆ' பிரிவு மாணவன்