யானைக்கும் அடி சறுக்கும், பிக்கப்புக்கும்தான்

"நாலு சக்கரமும் இழுக்குது மச்சி. எனக்கு எதுக்கு விண்டர் டயர்?"

அக்டோபர் பிறந்தா போதும். கால்கரியில நம்மாளுங்க நாலு பேர் கூடுற இடத்துல ஒருத்தராவது இந்த டயலாக்கை எடுத்து விட்டுடுவார். சொல்றவர் பெரும்பாலும் புதுசா பிக்கப் வாங்கினவரா இருப்பார். ஊர்ல டி.வி.எஸ்-50ல ஆரம்பிச்சு, இங்க வந்து பழைய கரோலா ஓட்டி, கடைசியில பின்னாடி தொட்டி வச்ச ஒரு யானையை வாங்கி வாசல்ல கட்டியிருக்கற மனுஷன். பெருமை இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்தது. ஆனா அந்த டயலாக்கைக் கேட்டா மட்டும் இப்பல்லாம் பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நானும் அதே டயலாக் பேசினவன்தான்.

என் முதல் ட்ரக், அதோட முதல் குளிர்காலம். ஜனவரி மாசம். முந்தின நாள் சினூக் அடிச்சிருந்தது. (தெரியாதவங்களுக்கு: ராக்கி மலையைத் தாண்டி இறங்கற வெதுவெதுப்பான மேற்குக் காத்து. மைனஸ் இருபதுல விறைச்சுக் கிடக்கற ஊரை சில மணி நேரத்துல ப்ளஸ்ஸுக்குக் கொண்டு வந்துடும்.) பகல்ல உருகின பனி ராத்திரி மறுபடி உறைஞ்சு, காலையில ரோடு பூரா கண்ணாடி. எங்க தெருமுனை ஸ்டாப் சைன். முப்பது கி.மீ. வேகம்கூட இருக்காது. பிரேக்கை மிதிச்சேன். ஏ.பி.எஸ். காலுக்கடியில கடகடன்னு அடிச்சுது. வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தது. ஸ்டாப் சைனைத் தாண்டி, ஆளுங்க நடக்கற கோட்டைத் தாண்டி, நடுச்சந்தியில போய்த்தான் நின்னுது. முதுகுல ஸ்கூல் பையோட ஒரு பொடியன் அப்பத்தான் எதிர் நடைபாதையில ஏறியிருந்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கலை.

பத்து செகண்ட். அவ்வளவுதான் வித்தியாசம். நாலு சக்கரமும் இழுத்துச்சு, சந்தோஷமா. நிறுத்தறதுக்குத்தான் ஒண்ணையும் காணோம்.

அதனால இனிமே யார் அந்த டயலாக்கைச் சொன்னாலும் சும்மா சிரிச்சுட்டுப் போறதா இல்லை. ஒவ்வொரு சமாளிப்பா எடுத்துப் பார்த்துடுவோம்.

சமாளிப்பு 1: "ஃபோர் வீல் டிரைவ் இருக்கே!"

இருக்கு. அது எஞ்சினோட சக்தியை நாலு சக்கரத்துக்கும் அனுப்பும். கிளம்பறதுக்கு, மேடு ஏறறதுக்கு, பனிக்குவியல்ல மாட்டினா வெளிய வர்றதுக்கு அருமையான விஷயம். ஆனா பிரேக்? அது மாருதி 800லயே நாலு சக்கரத்துக்கும்தான் இருந்தது சாமி. அதுல உங்க ட்ரக்குக்குன்னு ஒரு தனிச் சலுகையும் கிடையாது. நிக்கறதும் திரும்பறதும் ரோட்டைத் தொடுற நாலு உள்ளங்கை அளவு ரப்பரோட வேலை.

இன்னும் சொல்லப்போனா இந்த வசதியே ஆபத்து. சின்ன கார்க்காரனுக்கு சிக்னல்ல கிளம்பும்போதே சக்கரம் சுத்தும். "ஓஹோ, ரோடு சரியில்லை"ன்னு புரிஞ்சுக்கிட்டு மெதுவா போவான். நமக்கு அந்த எச்சரிக்கை மணியே அடிக்காது. ஜம்முன்னு கிளம்பி ஜம்முன்னு அறுபதுக்குப் போயிடுவோம். ரோடு எப்படி இருக்குன்னு பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும். அப்பத் தெரிஞ்சு என்ன பண்றது?

சமாளிப்பு 2: "கனமான வண்டி, நல்லா அழுத்திப் பிடிக்கும்"

பத்தாம் கிளாஸ் இயற்பியல் வாத்தியார் கேட்டா அழுதுடுவார். எடை கூடினா பிடி கூடும், வாஸ்தவம். ஆனா நிறுத்தவேண்டிய சுமையும் அதே அளவு கூடுதே! ரெண்டும் அடிபட்டுப் போயிடும்.

ஒரு சின்ன கணக்கு. டயருக்கும் பனிக்கும் நடுவுல உராய்வு எண் 0.2ன்னு வச்சுக்கோங்க. 50 கி.மீ. வேகத்துல பிரேக் மிதிச்சா நிக்க சுமார் 49 மீட்டர் ஆகும். நல்ல டயர் போட்டு அதை 0.3 ஆக்கினா 33 மீட்டர். வித்தியாசம் 16 மீட்டர், கிட்டத்தட்ட மூணு கார் நீளம். இதையே வேற மாதிரி பாருங்க. நல்ல டயர் வண்டி முழுசா நின்னுபோன அந்த இடத்துல, மத்த வண்டி இன்னும் 29 கி.மீ. வேகத்துல போய்க்கிட்டிருக்கும். அங்க ஒரு குழந்தை நின்னா? இந்தக் கணக்குல வண்டியோட எடைங்கற எண்ணே எங்கயும் வராது. ஆனா இடிச்சதுக்கு அப்புறம் வரும். ரெண்டு டன்னுக்கு மேல இருக்கற இரும்பு இடிக்கறதும் சின்ன கார் இடிக்கறதும் ஒண்ணா?

அதுவும் பிக்கப்போட கனம் எங்க இருக்கு? எஞ்சின், கேபின் எல்லாம் முன்னாடி. பின்னாடி வெறும் தொட்டி. காலியா ஓட்டும்போது பின்சக்கரம் லேசா உக்காந்திருக்கும், வளைவுல வால் ஆட்டும். பனியில இது பலம் இல்லீங்க, பலவீனம்.

சமாளிப்பு 3: "என் டயர்லயே எம் ப்ளஸ் எஸ்னு போட்டிருக்கே"

இங்கதான் எனக்கு உண்மையான கோவம். எம் ப்ளஸ் எஸ்னா சேறும் பனியும்னு அர்த்தம். அந்த முத்திரையைக் குத்த பனியில ஒரு மீட்டர்கூட ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. டயரோட பள்ளங்கள் எவ்வளவு அகலம், எந்தக் கோணம், எவ்வளவு இடைவெளிங்கற வடிவக் கணக்கு சரியா இருந்தா போதும். ஜாதகப் பொருத்தம் பார்த்து நீச்சல் தெரியும்னு சர்டிஃபிகேட் குடுக்கற மாதிரி.

நிஜமா சோதிச்சுக் குத்தற முத்திரை வேற. மூணு சிகரம் வச்ச மலை, அதுக்குள்ள ஒரு பனித்துகள். 1999ல வந்தது. அழுத்தமான பனியில ஒரு ஒப்பீட்டு டயரைவிட குறைஞ்சது 10 சதவீதம் அதிகமா இழுத்துக் காட்டினாத்தான் அந்தப் படம் கிடைக்கும். அதுலயும் ஒரு ஓட்டை உண்டு. அந்தச் சோதனை இழுவைக்கு மட்டும்தான். பிரேக்குக்கோ பனிக்கட்டிக்கோ இல்லை. அதனால முரட்டு முரட்டா கட்டம் வச்ச ஆல் டெரெய்ன் டயர்ல மலைப் படம் இருந்தாலும் நான் பாதி சந்தோஷம்தான் படுவேன். அந்தப் பெரிய கட்டங்கள் சேத்துக்கும் சரளைக்கும் ராஜா. வழுவழுன்னு கிடக்கற பனிக்கட்டியில அது பாட்டா செருப்பு.

நல்ல விண்டர் டயரை விரலால தடவிப் பாருங்க. ரப்பர் மெத்துனு இருக்கும். சாதாரண ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போகப் போக இறுகிடும். இது மைனஸ் முப்பதுலயும் வளைஞ்சு கொடுக்கற மாதிரி கலந்தது. ஒவ்வொரு கட்டத்துலயும் பிளேடால கீறின மாதிரி நூத்துக்கணக்கான மெல்லிசு வெட்டு இருக்கும். அந்த வெட்டு விளிம்புகள்தான் பனியைக் கவ்வும்.

"விண்டர் டயரெல்லாம் சின்ன கார்க்காரங்களுக்கு"ன்னு மீசை முறுக்கற அண்ணன்களுக்கு ஒரு தகவல். உலகத்தோட முதல் குளிர்கால டயர் 1934ல ஃபின்லாந்துல வந்தது. இப்ப நோக்கியன் டயர்ஸ்னு இருக்கற கம்பெனிதான் செஞ்சது. யாருக்காக? லாரிக்கு! காருக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1936லதான் வந்தது :-)

சமாளிப்பு 4: "சட்டமே கேக்கலை, நீ யாரு கேக்க?"

ஆல்பர்ட்டாவுல விண்டர் டயர் கட்டாயம் இல்லை, உண்மை. கால்கரியில இருந்து மேற்கால ஒண்ணாம் நம்பர் ஹைவேயைப் பிடிச்சு, லேக் லூயிஸ் தாண்டி, கிக்கிங் ஹார்ஸ் கணவாயில பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள்ள நுழைஞ்சா அக்டோபர் 1ல இருந்து கட்டாயம். அதே பனி, அதே மலை, அதே ட்ரக். நடுவுல ஒரு கோடு. ஆனா அந்த பி.சி. சட்டமும் 3.5 மி.மீ. பள்ளம் இருந்தா எம் ப்ளஸ் எஸ்ஸை ஏத்துக்குது. அடக் கடவுளே!

கியூபெக்கைப் பாருங்க. 2008ல இருந்து கட்டாயம். 2014 டிசம்பர்ல இருந்து மலைப் படம் இருந்தாத்தான் செல்லும். 2019ல இருந்து டிசம்பர் 1லயே மாட்டியாகணும். ஜெர்மனியிலயும் எம் ப்ளஸ் எஸ் மட்டும் இருக்கற டயரை 2024 அக்டோபர்ல இருந்து குளிர்கால டயரா ஏத்துக்கறதில்லை. புரிஞ்சவங்க மாத்திக்கிட்டாங்க. நாம இன்னும் பக்கவாட்டுல குத்தின ரெண்டு எழுத்தைக் காட்டி வாதாடிக்கிட்டிருக்கோம். சட்டம் அபராதம் போடுமா போடாதாங்கறதா கேள்வி? அந்தப் பொடியன் ஸ்டாப் சைன்ல நம்மளை நம்பித்தானே ரோட்டுல காலை வைக்கறான்?

சமாளிப்பு 5: "காசு யாரு குடுப்பா?"

இது நியாயமான கேள்வி. பிக்கப் டயர் மலிவில்லை. தனி ரிம்மோட நாலு வாங்கினா ரெண்டாயிரம் டாலரை நெருங்கிடும். வேலை போய், வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கறவங்ககிட்ட நான் சண்டைக்கு வரலை. ஆனா க்ரோம் படிக்கட்டு, தொட்டிக்கு மூடி, ரெண்டு அங்குலம் தூக்கற லிஃப்ட் கிட்னு செலவு பண்ணிட்டு டயர்கிட்ட வந்ததும் கையை விரிக்கறாங்களே, அவங்ககிட்டதான் பேசறேன். யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான் இது. அந்தக் காசும் எங்கயும் போயிடலை. ஆறு மாசம் இது தேயும்போது அது பரண்ல தூங்கும். ரெண்டுமே கூடுதல் வருஷம் வரும்.

சரி, திட்டியாச்சு. உருப்படியா நாலு விஷயமும் சொல்லிடறேன்:

- நாலும் மாத்துங்க. "பின்னாடி ரெண்டு மட்டும்"னா முன்சக்கரம் திரும்பாது. "முன்னாடி ரெண்டு மட்டும்"னா பின்னாடி சுத்திக்கிட்டு வரும்.

- அகலம் வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தா சட்டத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உள்ள அளவு போதும். அகலமான டயர் பனி மேல மிதக்கும், ஒல்லி டயர் கிழிச்சுக்கிட்டு ரோட்டைத் தேடும்.

- சுமை அளவைப் பாருங்க. எஃப்-250, ராம் 2500 மாதிரி வண்டிக்கு எல்.டி. வகை, லோட் ரேஞ்ச் ஈ கேட்டிருந்தா அதுக்குக் கீழ இறங்காதீங்க. அரை டன் ட்ரக்குல மளிகைச் சாமான் மட்டும் ஏத்தறவங்க வண்டியோட வந்த அதே வகையை வாங்கினாப் போதும்.

- பள்ளம் 4 மி.மீட்டருக்கு வந்துட்டா அந்த டயரோட பனிக்கால வாழ்க்கை முடிஞ்சது. கனடா போக்குவரத்துத் துறையே சொல்றது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கத்தைப் படிங்க. 3219ன்னா 2019ம் வருஷம் 32வது வாரம் செஞ்சது.

- காத்து பாருங்க. ப்ளஸ் இருபதுல அடிச்ச காத்து மைனஸ் இருபதுல சுமார் 7 பி.எஸ்.ஐ. குறைஞ்சிருக்கும்.

- தொட்டியில மணல் மூட்டை போடறவங்க, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேல போட்டு நகராம கட்டுங்க. இல்லைன்னா மோதும்போது அது பீரங்கிக் குண்டு. அது டயருக்குத் துணைதான், பதில் இல்லை.

ரெண்டு செட் வச்சுக்க இடமில்லாத அபார்ட்மெண்ட்வாசிகள் மலைப் படம் போட்ட ஆல் வெதர் டயராவது போடுங்க. ஆல் சீசன் வேற, ஆல் வெதர் வேற. கடைக்காரர் குழப்புவார், குழம்பாதீங்க.

விண்டர் டயர் மந்திரம் ஒண்ணும் இல்லை. பூஜ்யத்தை ஒட்டி, மேல தண்ணி மினுக்கற பனிக்கட்டியில எந்த டயரும் வழுக்கும். என்னதும்தான். ஆனா அந்த ஜனவரிக் காலைக்கு அப்புறம் இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன். வழுக்கின பிறகு "ரோடு சரியில்லை"ன்னு சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ரோடு எப்படியும் சரியா இருக்காதுன்னு அக்டோபர்லயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போடலை.

அந்த வாரமே நாலு டயர் மாட்டினேன். இப்பவும் அதே தெருமுனை, அதே ஸ்டாப் சைன். கோட்டுக்கு முன்னாடி நிக்கறேன். சில நாள் பசங்க கடக்கும்போது கையாட்டிட்டுப் போறாங்க.

டிஸ்கி: நான் டயர் கடை எதுவும் நடத்தலை, யார்கிட்டயும் கமிஷனும் வாங்கலை. "நான் இருபது வருஷமா ஆல் சீசன்லயே ஓட்டறேன், ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்ல வர்ற அண்ணாச்சிகளே, எனக்கும் ஒண்ணும் ஆகலைதான். பத்து செகண்ட்ல.