வீட்டுல படுக்கிற டிரைவர்

‘லோக்கல் டிரைவர் கொடுத்து வச்சவன், ராத்திரி வீட்டுல படுக்கிறான்’ என்கிறார்கள். தோழர்களே, திருத்தணியில் ஜல்லி டிப்பர் ஓட்டியவன் நான். நடைக்கு இவ்வளவு என்று கூலி. ஓனருக்கு என் காலனி தெரியும். மீசை முளைக்காத அவர் மகன் என்னை ‘டேய்’ என்பான்.

லைன் வண்டி ஏறி நாக்பூர் போனேன். தூக்கம் செத்தது, பிள்ளை முகம் மறந்தது. ஆனால் தாபாவில் எவனும் ‘டேய்’ போடல. அங்கே சாதி இல்லையா? இருக்கு. என் சாதி அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. ஐந்து தொழிலாளிக்குக் குறைந்த இடங்களை விட்டுவிட்டது. ரெண்டு லாரி ஓனருக்கு இது போதாதா?

எட்டு மணி நேரமும் மரியாதையும் உள்ளூரிலேயே வேணும். மனுசனாக நிற்க ஆயிரம் கிலோமீட்டர் ஓடணுமா?