சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி வழியாகப் போனால் வருகிற, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970ல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர்.

இந்த ஊரைச் சுற்றி ஓடாத சரக்கே இல்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, ராஜபாளையத்தில் நூல், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, சிவகாசியில் பட்டாசும் அச்சும். பெரிய லோடு லாரியில் போகும். பத்துப் பண்டல், இருபது மூட்டை என்றால் பிக்கப் வண்டிதான். 2005ல் டாடா ஏஸ் வந்ததும் அதற்கு "குட்டி யானை" என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. 2011ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. அதற்கு முன்பே டாடா 207 ஓடிக்கொண்டிருந்தது. இவற்றில் வயதான வண்டிகள் பல இன்னும் தினமும் லோடு அடிக்கின்றன.

வயதான பிக்கப் ஒன்றின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் என்ன இருக்கும்? ஜாக்கி, வீல் ஸ்பேனர், கயிறு, தண்ணீர் பாட்டில், பழைய துணி, ஒரு மாற்றுச் சட்டை, டிபன் பாக்ஸ், கசங்கிய பில்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக் கிடக்கும். "வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. சீட்டுக்குப் பின்னால் ஒழுங்கான ஒரு பெட்டி வேண்டும். அதை டிரைவர் தன் காசில் செய்யக்கூடாது, ஓனர் செய்து தர வேண்டும்.

முதல் காரணம் உயிர். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதிச் சட்டென்று நின்றால், கட்டாமல் கிடக்கும் ஜாக்கி நிற்காது. அதே வேகத்தில் முன்னால் வரும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுகிற பொருளின் வேகம் அது. சீட்டின் முதுகு தடுத்துவிடும் என்பார்கள். சாமான் சீட்டின் விளிம்புக்கு மேலே குவிந்திருந்தால் அடுத்து இருப்பது டிரைவரின் பின்மண்டைதான். மோதலே வேண்டாம், ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் போதும்.

இரண்டாவது காரணம் காசு. ஆர்.சி., இன்சூரன்ஸ் போன்றவற்றை 2018லிருந்து டிஜிலாக்கரில் காட்டினாலே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் லோடு இறக்கிய இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பில் நகல்? அது பெரும்பாலும் காகிதம்தான். அது தொலைந்தால் சரக்குக்காரர் வாடகையை நிறுத்தி வைப்பார், ஓனர் டிரைவர் பேட்டாவில் கை வைப்பார். ஒரு காகிதம் ஈரத்துணிக்கு அடியில் கசங்கியதற்கு ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போகிறது. கணக்குப் புத்தகத்தில் இந்த நஷ்டத்துக்குத் தனித் தலைப்பு கிடையாது. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

வெளிநாட்டில் இதை வண்டிக் கம்பெனிகளே எப்போதோ கவனித்துவிட்டன. அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை பல பிக்கப்களில் சீட்டுக்குப் பின்னால் இருந்தது பெட்ரோல் டேங்க்! பிறகு டேங்க் வெளியே போனது. சாமானை மழையில் நனையாமல் பூட்டி வைக்க இடம் வேண்டும் என்ற தேவை இருந்ததால், 1973ல் டாட்ஜ் கம்பெனி கேபினையே பின்னால் நீட்டி "கிளப் கேப்" என்று விற்றது. அடுத்த ஆண்டே ஃபோர்டும் அதைச் செய்தது. இங்கே சிறிய வண்டி வாங்குகிறவர் பார்ப்பது பின்னால் எத்தனை அடி, எத்தனை கிலோ என்பதைத்தான். மிச்ச இடம்தான் டிரைவருக்கு.

சரி, எப்படிச் செய்வது? வண்டியைப் பொறுத்தது.

207 மாதிரி முன்னால் பானட் உள்ள வண்டியில் இன்ஜின் முன்னால் இருப்பதால் சீட்டுக்குப் பின்னால் ஓரளவு இடம் கிடைக்கும். உயரமான டிரைவர் உட்கார்ந்து, சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிய பிறகுதான் அளவெடுக்க வேண்டும். பெட்டியின் உயரம் பின்கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தாண்டக்கூடாது. தாண்டினால் லோடு சரிவது தெரியாது. 12 மி.மீ. பிளைவுட் போதும். உள்ளே ரெக்ஸின் ஒட்டினால் சத்தம் வராது. மேல் மூடிக்குக் கீலும் கொண்டியும் அவசியம். கனமானது கீழே, லேசானது மேலே.

பெட்டியைத் தரையில் போல்ட் போட்டு, அகல வாஷர் வைத்து முடுக்க வேண்டும். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இடத்தில் டீசல் குழாய், பிரேக் குழாய், வயர் எதுவும் போகவில்லை என்று பார்க்க வேண்டும். பழைய வண்டியில் மேட்டைத் தூக்கிப் பார்ப்பதும் நல்லது. பின்கண்ணாடி பீடிங் வழியாகத் தண்ணீர் இறங்கி மூலையில் தகடு அரித்திருந்தால், பெட்டி அதை மூடிவிடும், துரு வளர்ந்துகொண்டே போகும். முதலில் தகடு வேலை, பிறகு ரெட் ஆக்சைடு, அப்புறம்தான் பெட்டி. கேபினுக்குள் வெல்டிங் வைக்காமல் இருப்பதே மேல். சீட் பெல்ட் போல்ட்டில் கை வைக்கவே கூடாது.

குட்டி யானை, தோஸ்த் வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜினைத் தொட முடியும். அதைத் தடுக்கிற எந்தப் பெட்டியும் பெட்டியல்ல, தொல்லை. இங்கே பின்சுவரோடு ஒட்டிய ரெக்ஸின் பைகள் போதும். பில், துணி, முதலுதவிச் சாமான் அதில் அடங்கும். ஜாக்கியும் ஸ்பேனரும் பாடிக்கு அடியில் பூட்டு வைத்த இரும்புப் பெட்டிக்குப் போகட்டும்.

பெட்டி வந்துவிட்டது என்று கண்டதையும் வைக்கவும் கூடாது. டீசல் கேன், பெட்ரோல் பாட்டில் கூடவே கூடாது. இந்த வட்டாரத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீபாவளி நேரத்தில் வீட்டுக்கு என்று வாங்கிய பட்டாசுப் பெட்டியைச் சீட்டுக்குப் பின்னால் சொருகுவது ஆபத்து. அடியில் சூடான இன்ஜின், கையில் பீடி, முதுகுக்குப் பின்னால் பட்டாசு!

எதிர்ப்பேச்சும் உண்டு. "பெட்டி வைத்தால் டிரைவர் பாட்டில் ஒளித்து வைப்பான்" என்பார் ஒருவர். குடிக்கிறவருக்குப் பெட்டி தேவையில்லை, சீட்டுக்கு அடியே போதும். அந்தச் சந்தேகத்துக்காக எல்லா டிரைவரையும் குப்பைக்கு நடுவில் உட்கார வைப்பது நியாயமா? "வண்டியை மாற்றினால் ஆர்.டி.ஓ. பிடிப்பார்" என்பார் இன்னொருவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்வது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று. கேபினை வெட்டி நீட்டுவதும் கூடுதல் சீட் போடுவதும் அதில் மாட்டும். கழற்றி எடுக்கக்கூடிய ஒரு மரப்பெட்டியால் ஆர்.சி.யில் என்ன மாறப் போகிறது? "செலவு" என்பவருக்குப் பதில் சுலபம். பெரும்பாலும் ஒரு புது டயரின் விலைக்குள் முடிகிற வேலை இது. டயர் தேய்ந்தால் மாற்றுகிற ஓனர், டிரைவர் தேய்வதைப் பார்ப்பதில்லை.

2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டது. நல்ல விஷயம். ஆனால் மொத்த எடை 3.5 டன்னுக்குள் இருக்கும் சிறிய சரக்கு வண்டிகள் அந்த விதிக்குள் வரவில்லை. பழைய வண்டிகளும் வரவில்லை. ஆகவே குட்டி யானை டிரைவருக்காக டெல்லியிலிருந்து எதுவும் வரப் போவதில்லை. ஏ.சி. கேட்கவில்லை, தன் சாப்பாட்டையும் சட்டையையும் ஜாக்கி கிரீஸ் படாமல் வைக்க ஒன்றரை அடி இடம்தான் கேட்கிறார்.

அடுத்த முறை எஃப்.சி.க்காக வண்டி பட்டறைக்குப் போகும். பெயிண்ட் அடிப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், முன்கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயரைப் புதிதாக எழுதுவார்கள். அதே நாளில் அதே பட்டறையில் இந்தப் பெட்டியையும் முடித்துவிடலாம்.